தமிழ்நாடு போலீஸுக்கு ஏன் 1859 சட்டம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செங்கம்_செல்வி | ஞாயிறு இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். எஸ்.ஐ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கையேட்டில் இந்தியக் காவல்துறைக்கு அடிப்படை 1861 சட்டம் என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் தமிழ்நாட்டுக்கு 1859ஆம் ஆண்டு மாவட்டக் காவல் சட்டம் என்று இருக்கிறது. எது சரி? அதைவிடப் பெரிய சந்தேகம், இரண்டு வருஷம் முன்னாடியே நமக்கு மட்டும் ஏன் தனியாகச் சட்டம் போட்டார்கள்? 1857 கலகத்துக்குப் பயந்து போட்டது என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். கலகம் வடக்கேதானே நடந்தது?

இதை நான் குடைவதற்கு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கிறது. என் தாத்தா தலையாரியாக (கிராமத்துக் காவல் ஊழியராக) இருந்தவர். "போலீசு நேத்து வந்தவன், ஊருக்கு மொத போலீசு நாங்கதான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சின்ன வயதில் அதைப் பெருமைப் பேச்சு என்று விட்டுவிட்டேன். இப்போது படிக்கப் படிக்க அதில் ஏதோ உண்மை இருக்கும் போலத் தெரிகிறது.

கொள்ளிடக்கரையான் | ஞாயிறு இரவு 10.35

செல்வி, உங்கள் தாத்தா சொன்னது சரிதான். நான் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் என்ற சொல் வருவதற்கு முன்னால் நம் ஊர்களில் 'காவல்' இருந்தது. ஓர் ஊரைக் காப்பது ஸ்தலகாவல். ஒரு வட்டாரத்தையும் அதன் வழிகளையும் காப்பது தேசகாவல், அது பெரும்பாலும் பாளையக்காரர் கையில். காவல்காரருக்குச் சம்பளம் கிடையாது, அறுவடையில் களத்துமேட்டிலேயே பங்கு அளந்துவிடுவார்கள். திருட்டுப் போனால் ஒன்று பொருளைக் கண்டுபிடித்துத் தரவேண்டும், இல்லாவிட்டால் நஷ்டத்தைக் காவல்காரர் ஈடுகட்ட வேண்டும். அந்தப் பொறுப்புதான் அதில் முக்கியம்.

கம்பெனிக்காரர்களும் சென்னையில் இதையேதான் முதலில் எடுத்துக்கொண்டார்கள். 1659ல் கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த கறுப்பர் பட்டணத்தைக் காக்கப் பெத்த நாயக்கன் என்பவரை நியமித்தார்கள், கூட இருபது தலையாரிகள். அவருக்கும் நிலமும் சரக்கின் மேல் சிறு வரியும்தான் கூலி, அவரும் திருட்டுக்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். இன்றைக்கும் ஜார்ஜ் டவுனில் ஒரு பகுதிக்குப் பெத்தநாயக்கன்பேட்டை என்று பெயர் இருக்கிறதே, அந்தப் பெயர்தான்.

1799க்கும் 1801க்கும் இடையில் பாளையங்களை அடக்கியபின், காவல் உரிமையைக் கம்பெனி தன் கைக்குக் கொண்டுவந்தது. வங்காளத்து மாதிரியில் தரோகாக்களை, அதாவது சம்பளத்துக்குப் போலீஸ் அதிகாரிகளை, போட்டுப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. 1816ல் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோவின் யோசனைப்படி கலெக்டரே மாஜிஸ்திரேட், கலெக்டரே போலீஸுக்கும் தலைவர் என்று ஆனது. அவருக்குக் கீழே தாசில்தார், கிராமத்தில் மணியக்காரர், அவருக்குக் கீழே தலையாரி. வரி வசூலிப்பவரும் அவரே, திருடனைப் பிடிப்பவரும் அவரே, பிடித்தவனை விசாரிப்பவரும் அவரே.

விளைவு என்ன? மழை பொய்த்த வருஷத்திலும் கிஸ்தி (நிலவரி) கட்டியாக வேண்டும். கட்டாதவனைக் கட்ட வைக்க, திருடனிடம் வாக்குமூலம் வாங்கும் அதே முறைகள். இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் 1854ல் இது பெரிய சர்ச்சையாகி, சென்னையில் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டார்கள். சித்திரவதைக் கமிஷன் என்றே அதற்குப் பெயர். சில மாதங்களில் ஏறத்தாழ இரண்டாயிரம் புகார் வந்தது. பலர் நாள் கணக்கில் நடந்தே சென்னைக்கு வந்து சாட்சி சொன்னார்கள்.

1855ல் வந்த அந்த அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று கிட்டி. இரண்டு குச்சிகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. மற்றொன்று அண்ணாந்தாள். ஆளைக் குனிய வைத்து, கழுத்தையும் கால் கட்டைவிரலையும் கயிற்றால் பிணைத்து, அப்படியே வெயிலில் மணிக்கணக்கில் நிறுத்துவது. முதுகில் கல்லும் ஏற்றுவார்கள். ஆங்கில அறிக்கையில் இவற்றுக்கு மொழிபெயர்ப்பு தேடாமல் தமிழ்ச் சொல்லையே போட்டிருக்கிறார்கள். முதன்முதலில் அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

வரியும் போலீஸும் ஒரே கையில் இருப்பதுதான் நோய் என்று கண்டார்கள். அதைப் பிரிக்கத்தான் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம். புதிய போலீஸ் படைக்குத் தலைவராக வந்தவர் வில்லியம் ராபின்சன். 1875ல் சில மாதம் சென்னையின் தற்காலிக கவர்னராகவும் இருந்தார். 1860ல் இந்தியா முழுமைக்கும் ஒரு போலீஸ் கமிஷன் வைத்தபோது அதில் ராபின்சனும் உறுப்பினர். அந்தக் கமிஷனிலிருந்து பிறந்ததுதான் 1861 சட்டம். ஆக நம்முடையது மூத்தது. 1857 கலகம் அவசரத்தைக் கூட்டியிருக்கும், வித்து மட்டும் 1855 அறிக்கையில்தான் இருக்கிறது.

நெல்லைக்காரன் | ஞாயிறு இரவு 10.52

ஒரு சின்னத் திருத்தம். 'நமக்கு மட்டும்' இல்லை. பழைய சென்னை மாகாணத்திலிருந்து பிரிந்த ஆந்திரப் பகுதியிலும் இதே 1859 சட்டம்தான் வந்தது. கேரளமும் கர்நாடகமும் பிறகு தங்களுக்குப் புதுச் சட்டம் எழுதிக்கொண்டன.

மதுரை_வக்கீல் | திங்கள் காலை 6.20

கொள்ளிடக்கரை ஐயாவுக்கு நன்றி. சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் சேர்க்கிறேன். தேர்வுக்கும் உதவும்.

படையை அமைத்த சட்டம் மாவட்டங்களுக்கு 1859. சென்னை நகரத்துக்கு 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டம். சென்னையில் குடித்துவிட்டுத் தகராறு செய்தால் '75 கேஸ்' என்பார்களே, அது இந்த 1888 சட்டத்தின் 75ஆம் பிரிவு. ஊர்வலத்துக்குத் தடை என்றால் சென்னையில் அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு. மாவட்டங்களில் '30(2) அமலில் இருக்கிறது' என்று அறிவிப்பார்கள், அது மட்டும் 1861 சட்டத்துப் பிரிவு. இதனால்தான் கையேடுகள் குழம்புகின்றன.

2006ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் போலீஸ் சீர்திருத்தத்துக்கு உத்தரவுகள் போட்டது. அதன்பிறகு 2013ல் தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அது 1859ஐத் தூக்கிவிடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு விஷயம். சித்திரவதைக் கமிஷன் சட்டப் புத்தகத்திலும் ஒரு தடம் விட்டுப் போயிருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்ற விதி முதலில் 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்தது, அப்புறம் 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவானது. புதிய சாட்சியச் சட்டத்திலும் 23ஆம் பிரிவாக இருக்கிறது. அடித்து வாங்கினால் பயனில்லை என்று ஆக்கிவிட்டால் அடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

ஆனால் நம் ஊர்க் கொலை வழக்குக் கட்டுகளை எடுத்துப் பாருங்கள். கட்டுக்குக் கட்டு ஒரே கதை வரும். எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) நேராகக் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ-விடம் போய் "நான்தான் கொன்றேன்" என்று ஒப்புக்கொண்டாராம், வி.ஏ.ஓ அதை எழுதி வாங்கி, ஆளையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாராம். போலீஸிடம் சொன்னால் செல்லாது, வி.ஏ.ஓ-விடம் சொன்னால் செல்லும். பொருள் கைப்பற்றும் மகஜரிலும் வி.ஏ.ஓ ஒரு சாட்சி, தலையாரி இன்னொரு சாட்சி. முன்பின் தெரியாத அதிகாரியிடம் போய் ஒருவன் ஏன் மனம் திறக்க வேண்டும் என்று நீதிமன்றங்களே பல தீர்ப்புகளில் கேட்டிருக்கின்றன. 1859ல் பிரித்துவைத்த வருவாய்த் துறையும் போலீஸும் வழக்குக் கட்டுக்குள் இன்னும் சேர்ந்தேதான் இருக்கின்றன.

பழைய_ஏட்டு | திங்கள் காலை 11.05

செல்வி பாப்பா, நான் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து சிறப்பு எஸ்.ஐ-யாக ஓய்வு பெற்றவன். சட்டம் பற்றி வக்கீல் சார் சொல்லிவிட்டார். துறை எப்படி ஓடுகிறது என்று நான் சொல்கிறேன், கையேட்டில் படம் போட்டுக் காட்டுவது மட்டும் போதாது.

மேலிருந்து கீழே எழுதினால் டி.ஜி.பி, கூடுதல் டி.ஜி.பி, நான்கு மண்டலத்துக்கு ஐ.ஜி, சரகத்துக்கு டி.ஐ.ஜி, மாவட்டத்துக்கு எஸ்.பி, உட்கோட்டத்துக்கு டி.எஸ்.பி. நகரங்களில் கமிஷனர். சென்னை, ஆவடி, தாம்பரம், கோவை, மதுரை, திருச்சி, சேலம், நெல்லை, திருப்பூர் என்று ஒன்பது. ஆவடியும் தாம்பரமும் 2022ல் சென்னையிலிருந்து பிரிந்தவை. இதெல்லாம் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

ஸ்டேஷனுக்குள் வந்தால்தான் துறை புரியும். இன்ஸ்பெக்டர் இருப்பார், எஸ்.ஐ இருப்பார், ஆனால் ஸ்டேஷனின் மூளை ரைட்டர்தான். ஏட்டுகளில் ஒருவர். எஃப்.ஐ.ஆர் எழுதுவது, ஜி.டி என்கிற பொது நாட்குறிப்பு, சி.எஸ்.ஆர் என்கிற புகார் ரசீது, யாருக்கு எந்த டூட்டி, கோர்ட்டுக்கு எந்தக் கட்டு போகவேண்டும் என்று எல்லாம் அவர் கைவழியாகத்தான் போகும். வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர் பாரா. ஸ்டேஷனுக்கு யார் வந்தார், எப்போது போனார் என்பது அவர் கண்ணுக்குத் தப்பாது. கோர்ட்டுக்கென்று ஒருவர், சம்மன் சார்வு செய்ய ஒருவர், தனிப்பிரிவுக்கு ஒருவர். தனிப்பிரிவுக்காரர் உட்கார்ந்திருப்பது நம்மோடு, தகவல் சொல்வது நேராக எஸ்.பி-க்கு. மிச்சம் இருப்பவர்களை வைத்துத்தான் ரோந்து, பந்தோபஸ்து, விசாரணை எல்லாம்.

இரவு பீட் போனால் நகைக்கடை, வங்கி, ஏ.டி.எம் என்று ஒவ்வொரு இடத்திலும் பட்டா புத்தகம் தொங்கும், அதில் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். நான் சேர்ந்த புதிதில் சைக்கிளில் ஓர் இரவுக்கு 14 பட்டா. மார்கழியில் பேனா மை உறைந்ததுபோல் எழுதாது, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துவிட்டு எழுதுவேன். காலையில் ரோல் கால், அதில் தலையைக் காட்டிவிட்டுத்தான் வீடு.

சம்பளமும் பதவியும் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். காவலராகச் சேர்ந்தவர் பத்து வருஷத்தில் முதல் நிலைக் காவலர், மேலும் ஐந்து வருஷத்தில் ஏட்டு, இன்னும் பத்து வருஷத்தில் சிறப்பு எஸ்.ஐ. இந்த இருபத்தைந்து வருஷக் கணக்குதான் என் காலத்தில். தண்டனை ஏதாவது இருந்தால் அதுவும் தள்ளிப்போகும். சிறு தண்டனைக்கு 3ஏ, பெரிய தண்டனைக்கு 3பி என்று இரண்டு வகைக் குற்றச்சாட்டு. 3பி வந்தால் வீட்டில் சோறு இறங்காது.

சங்கம் வைத்துக் கேட்கலாமே என்பீர்கள். 1966ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் போலீஸ்காரன் சங்கம் வைக்க முடியாது. வார ஓய்வு என்ற ஒன்று அரசாணையாக வந்ததே 2021ல்தான். அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் இரண்டு பிள்ளைகளின் பள்ளி ஆண்டு விழா ஒன்றுக்குக்கூட நான் போனதில்லை.

நெல்லைக்காரன் | திங்கள் பகல் 12.30

ஏட்டையா, ஆயுதப்படையையும் பட்டாலியனையும் விட்டுவிட்டீர்களே. எங்கள் மணிமுத்தாறு அணைப் பக்கம் போனால் பட்டாலியன்தான் கண்ணில் படும்.

பழைய_ஏட்டு | திங்கள் பகல் 1.15

ஆமாம் தம்பி. இரண்டும் வேறு வேறு, பலர் குழப்பிக்கொள்வார்கள். ஆயுதப்படை என்கிற ஏ.ஆர் அந்தந்த மாவட்டத்து எஸ்.பி-க்குக் கீழே. கைதி வழிக்காவல், கஜானா காவல், பந்தோபஸ்து எல்லாம் அவர்கள். பட்டாலியன் என்பது தமிழ்நாடு சிறப்புக் காவல்படை, மாநிலம் முழுமைக்கும். திருச்சியில் முதல் அணி, ஆவடி, கோவைப்புதூர், மதுரை, போச்சம்பள்ளி, மணிமுத்தாறு, உளுந்தூர்ப்பேட்டை, ராஜபாளையம் என்று போகும். ஓர் அணி டெல்லி திகார் சிறைக்குக் காவல் நிற்கிறது. புதிதாகச் சேரும் பையன்களில் பலருக்கு ஆரம்பம் பட்டாலியன்தான், ஊர் ஸ்டேஷனுக்கு வர வருஷக்கணக்காகும்.

கொள்ளிடக்கரையான் | திங்கள் பகல் 2.40

இந்தப் பட்டாலியன் வழக்கத்துக்கு ஒரு வேர், மாப்பிள்ளைக் கிளர்ச்சியின்போது 1921ல் தொடங்கிய மலபார் சிறப்புக் காவல்படை. அப்போது மலபார் சென்னை மாகாணத்தில் ஒரு மாவட்டம். 1956ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலப்புரத்துத் தலைமையிடம் கேரளத்துக்குப் போனது. படையின் பெயர்களை வைத்தே அந்தந்தக் காலத்து அரசு எதற்குப் பயந்தது என்று சொல்லிவிடலாம். 1921ல் மலபார். நக்சல்பாரிக்குப் பிறகு க்யூ பிரிவு, அதுவே பின்னால் ஈழத் தமிழர் விவகாரங்களைக் கவனித்தது. 1983ல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு. 1994ல் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். வீரப்பனுக்காக அதிரடிப்படை, 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே அந்தத் தேடல் முடிந்தது.

உசிலை_வேலு | திங்கள் இரவு 8.05

எல்லோரும் எழுதுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். காவல் முறையைப் பற்றி ஐயா எழுதியதில் ஒரு பாதி விட்டுப்போயிற்று. காவல் உரிமையை எடுத்துக்கொண்டார்கள் சரி, எடுத்துக்கொண்டபின் காவல்காரர்களை என்ன செய்தார்கள்?

எங்கள் வட்டாரத்தில் காவல்தான் பிழைப்பு. அதைப் பறித்ததும் காவல்காரன் திருடன் ஆனான். பறித்தவர்களே அப்படி எழுதியும் வைத்தார்கள். குற்றப்பரம்பரைச் சட்டத்தை எங்கள் ஊர்ப் பக்கம் 'ரேகைச் சட்டம்' என்போம். வயதுக்கு வந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் கைரேகை வைக்க வேண்டும், பெயர் பதிய வேண்டும், ராத்திரி ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். கல்யாணமான மறுநாளும் அதே கதிதான். வெளியூர் போக அனுமதிச் சீட்டு.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று ஊர் நின்றது. போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சட்டம் ஒழிந்தது 1947ல். எங்கள் அப்பத்தா சாகும்வரை மைப் பெட்டியைக் கண்டால் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்ளும். முதியோர் பென்ஷனுக்கு ரேகை கேட்டபோது நாங்கள் மூன்று பேர் பிடித்துத்தான் வைக்க வைத்தோம்.

'கேடி' என்று எல்லோரும் சாதாரணமாகத் திட்டுகிறோம். ஸ்டேஷனில் பழைய குற்றவாளிகளுக்கு வைத்த கே.டி பதிவேட்டிலிருந்து வந்த சொல் அது. ஆங்கில இரண்டெழுத்து, இன்றைக்குத் தமிழ் வசவு.

பழைய_ஏட்டு | திங்கள் இரவு 9.20

வேலு தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுதவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோதும், ஏதாவது திருட்டு என்றால் முதலில் சில தெருக்களுக்குப் போ என்பார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தாம்பரம்_தேவி | செவ்வாய் காலை 7.45

பெண் போலீஸ் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. என் அம்மா ஏட்டாக இருக்கிறார், அதனால் நான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் பெண்கள் இந்தத் துறைக்குள் வந்தது 1973ல். ஓர் எஸ்.ஐ, ஓர் ஏட்டு, இருபது காவலர், மொத்தமே 22 பேர். 1992ல் ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். (நாட்டிலேயே முதல் மகளிர் ஸ்டேஷன் என்று சிலர் எழுதுவார்கள், அது தவறு. கோழிக்கோட்டில் 1973லேயே இருந்தது. தேர்வில் மாற்றி எழுதிவிடாதீர்கள் செல்வி.) இன்று உட்கோட்டத்துக்கு ஒன்று என்ற அளவில் மாநிலம் முழுக்க இருக்கின்றன. 2010ல் லத்திகா சரண் டி.ஜி.பி ஆனார். 2017ல் பிரித்திகா யாஷினி திருநங்கை எஸ்.ஐ-யாகப் பணியில் சேர்ந்தார், அதற்கு அவர் உயர் நீதிமன்றம்வரை போராட வேண்டியிருந்தது.

இதெல்லாம் பெருமைதான். ஆனால் அம்மா பந்தோபஸ்து போகும் நாளில் காலையில் காபி குடிக்க மாட்டார், தண்ணீரும் அளந்துதான். முக்கியப் பிரமுகர் வரும் வழியில் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நிற்கவேண்டும், ஒதுங்க இடம் இருக்காது. இருமுறை சிறுநீர்த் தொற்று வந்து படுத்தார். 2021ல் முதல்வர் போகும் வழியில் பெண் காவலர்களைச் சாலையோரம் நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது. அன்று அம்மா போனில் பேசிய குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "யாரோ ஒருத்தர் யோசிச்சிருக்காங்க பாரு" என்றார்.

மதுரை_வக்கீல் | செவ்வாய் இரவு 9.50

தேவி எழுதியதையும் ஏட்டையா எழுதியதையும் நான் மறுக்கவில்லை. வேலைச் சுமை உண்மை. ஆனால் இந்த இழை தொடங்கிய கேள்விக்குத் திரும்ப வேண்டும். 1859ல் எதை நிறுத்தப் போலீஸைத் தனியாகப் பிரித்தார்களோ, அது நின்றதா?

நிற்கவில்லை. 1992ல் வாச்சாத்தி. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஒரு மலைக்கிராமத்துக்குள் புகுந்து மக்களை வதைத்தன. 269 பேர் மேல் வழக்கு, 2011ல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2020ல் சாத்தான்குளம், போலீஸ் அடித்துக் காவலில் இறந்த தந்தையும் மகனும். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்பதில் ஆரம்பித்தது.

காவலில் இறப்பு என்றால் காவல் நிலையாணை 151படி ஆர்.டி.ஓ விசாரணை என்பது பழைய வழி. இப்போது நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனாலும் வலியோடு நடக்க முடியாமல் வந்தவனைப் பார்த்துவிட்டு 'வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்' என்று எழுதி ரிமாண்டுக்கு அனுப்பிய கட்டுகளை நான் கையில் வாங்கியிருக்கிறேன்.

பழைய_ஏட்டு | செவ்வாய் இரவு 10.40

வக்கீல் சார், மறுக்க எனக்கு வாய் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். "நாளைக் காலைக்குள் பொருள் வந்தாக வேண்டும்" என்று வயர்லெஸ் மைக்கில் உத்தரவு வரும். எப்படி என்று அதில் இருக்காது. அடித்தவன் பெயர் தெரியும், அந்த மைக்கில் பேசியவர் பெயர் எந்தக் கட்டிலும் வராது. தென் மாவட்டம் ஒன்றில் நான் பாரா நின்ற ஓர் இரவு, உள்ளே ஒரு பையனின் சத்தம் கேட்டது. 19 வயதிருக்கும். நான் வாசலில் நின்றேன். ஜி.டி-யில் அவன் பெயரே இல்லை. விடிகாலை அனுப்பிவிட்டார்கள், திருடியது வேறு ஆள் என்று தெரிந்துபோயிற்று. அவன் என்னைத் தாண்டித்தான் போனான், 'வர்றேன் சார்' என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சொல்லைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கொள்ளிடக்கரையான் | செவ்வாய் இரவு 11.25

ஏட்டையா இதைப் பொதுவில் எழுதியது சாதாரணம் இல்லை. என் வணக்கம்.

நீங்கள் சொன்ன மைக் விஷயம் 1855 அறிக்கையிலேயே இருக்கிறது. சித்திரவதை நடந்தது உண்மை என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. ஆனால் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை, எல்லாம் கீழ்நிலை இந்திய ஊழியர்களின் வேலை என்று எழுதி முடித்தது. அந்த வருஷம் இவ்வளவு கிஸ்தி வந்தாக வேண்டும் என்று எழுதியவர் யார் என்று அறிக்கை கேட்கவில்லை. 1902ல் கர்சன் பிரபு போட்ட ஃப்ரேசர் கமிஷனும் போலீஸ் மேல் மக்களுக்கு நம்பிக்கை இல்லை என்றே கண்டது. சி.ஐ.டி-யும் நேரடி எஸ்.ஐ நியமனமும் அதன் பரிந்துரை. செல்வி எழுதப்போகும் தேர்வுக்கே வேர் அங்கேதான். பிறகு தமிழ்நாடு தன் பங்குக்கு 1969ல் கோபாலசாமி தலைமையில் முதல் போலீஸ் கமிஷன், 1989ல் சபாநாயகம், 2006ல் பூர்ணலிங்கம், 2022ல் நீதிபதி சி.டி. செல்வம் என்று போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. வீடு, சம்பளம், பதவி உயர்வு பற்றிய பரிந்துரைகள் ஓரளவு நிறைவேறின. கேள்வி கேட்கும் அதிகாரத்தை வெளியாள் கையில் தரும் பரிந்துரை வந்தால் மட்டும் கோப்பு நகர்வதில்லை.

உசிலை_வேலு | புதன் காலை 6.50

வக்கீல் சார், சாத்தான்குளத்தில் ஸ்டேஷனையே தாசில்தாரிடம் ஒப்படைத்தார்கள் என்று அப்போது செய்தி வந்ததே, அது உண்மையா?

மதுரை_வக்கீல் | புதன் காலை 8.15

உண்மை. விசாரணைக்குப் போன நடுவரிடம் ஸ்டேஷனில் ஒத்துழைக்கவில்லை, தடயங்கள் அழிந்துவிடும் என்ற அச்சம் வந்தது. 2020 ஜூன் கடைசியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஸ்டேஷனை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள மாவட்ட ஆட்சியருக்கு உத்தரவிட்டது. தாசில்தார்கள் போய் உட்கார்ந்தார்கள். ஆவணங்கள் அவர்கள் பாதுகாப்பில் இருந்தன. நடந்ததைப் பார்த்த ஒரு பெண் ஏட்டு நடுவரிடம் சாட்சி சொன்னதும் அந்த நாட்களில்தான். மேசையில் ரத்தக்கறை இருந்ததுவரை சொன்னார். அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது.

அன்றைக்கு எனக்கு ஐயா எழுதிய 1859தான் ஞாபகம் வந்தது. வருவாய்த் துறையின் அடியிலிருந்து மக்களைக் காப்பாற்றப் போலீஸைத் தனியாகப் பிரித்தார்கள். 161 வருஷம் கழித்து ஒரு ஸ்டேஷனின் பதிவேடுகளைப் போலீஸிடமிருந்து காப்பாற்ற வருவாய்த் துறையைக் கூப்பிட்டார்கள்.

தாம்பரம்_தேவி | புதன் காலை 8.40

அந்த ஏட்டம்மா பற்றி அம்மா அடிக்கடி பேசுவார். அன்றிரவு தூங்கவே இல்லை அம்மா. "நான் சொல்லியிருப்பேனா தெரியலடி" என்றார்.

செங்கம்_செல்வி | புதன் இரவு 9.30

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஒரு சட்டத்தின் வருஷம் கேட்டேன், இவ்வளவு சொல்லிவிட்டீர்கள்.

இன்று அப்பாவிடம் கேட்டு, பரணிலிருந்து தாத்தாவின் பெட்டியை இறக்கினோம். அவர் கச்சேரிக்கு (அரசு அலுவலகத்துக்கு) போகும்போது மாட்டிக்கொள்ளும் பித்தளை வில்லை இருந்தது, வார் மட்டும் இற்றுப்போயிருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன், எழுத்துக்கள் பாதி தெரிகின்றன. அப்பா இன்னொன்றும் சொன்னார். தாத்தா ஒருமுறை கொலை வழக்கில் மகஜர் சாட்சியாகக் கோர்ட்டுக்குப் போனாராம். கத்தி எடுத்த இடத்தில் நீங்கள் இருந்தீர்களா என்று வக்கீல் கேட்டதற்கு, "கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாராம். அதற்கு அப்புறம் ஸ்டேஷனில் அவரைச் சாட்சிக்குக் கூப்பிடவே இல்லையாம். வக்கீல் சார் எழுதியதைப் படித்திருக்காவிட்டால் இதன் அர்த்தம் எனக்குப் புரிந்திருக்காது.

எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகத்தை 2021லிருந்து போலீஸ் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்களாம். அடுத்த முறை சென்னை போகும்போது பார்க்கப்போகிறேன். ஏட்டையா, உங்களிடம் ஒரு கேள்வி. தேர்வாகி, ஊனமாஞ்சேரியில் பயிற்சியும் முடித்து, ஒரு ஸ்டேஷனுக்கு எஸ்.ஐ-யாகப் போனால் முதல் நாள் நான் எதைப் பார்க்க வேண்டும்?

பழைய_ஏட்டு | புதன் இரவு 10.15

போனதும் எல்லோரும் எழுந்து சல்யூட் அடிப்பார்கள், டீ வரும். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனைச் சுற்றி நடந்து பாருங்கள். லாக்கப்பில் மட்டும் பார்க்காதீர்கள். மாடி அறை, பின்பக்கக் கொட்டகை, பூட்டிக் கிடக்கும் பழைய குவார்ட்டர்ஸ் எல்லாம் பாருங்கள். எத்தனை தலை உள்ளே இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அப்புறம் ரைட்டரிடம் ஜி.டி-யை வாங்கி, அதில் எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணுங்கள். குறைந்தால், உட்காருவதற்கு முன்னால் விடுபட்ட பெயரை உங்கள் கையாலேயே எழுதுங்கள், நேரமும் போடுங்கள். பாராவில் நிற்பவனிடமும் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள் அம்மா. அவனுக்குத் தெரிந்திருக்கும்.